நீ மாற்றாமல் விட்ட ஆடு

இன்று காலை ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வரும் பஸ்ஸில் என் காலடியில் ஒருவர் வாழையிலைக் கட்டை இறக்கி வைத்தார். அப்போதுதான் அறுத்த இலை. அந்த ஈர வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது. இறந்தவர்களை நினைத்தால் துக்கம்தான் முதலில் வரும் என்பார்கள். எனக்குக் கோபம் வந்தது.

நாம் சமூகப்பணி படித்த காலத்தில் வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. ஸ்ரீவைகுண்டம் பக்கம், ஆற்றோரத்தில் வாழைத்தோட்டக் கூலிக்காரர்களின் குடியிருப்பு நம் இருவருக்கும் கிடைத்தது. இளம்பெண்களைக் கூட்டிப் பேசவேண்டும். ஆளுக்கொரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்துத் தொடர்ந்து பார்த்து, பருவ முடிவில் வகுப்பில் அதைப் பற்றிப் பேசவேண்டும். நான் வாசலோடு நின்றுவிடுவேன். நீ செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுப்படிக்குப் போய்விடுவாய். கடற்கரை ஊர்க்காரி, அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் உனக்கு. "ஏட்டி, வாயத் தொறந்து பேசு. அவுக உன்னத் தின்னுர மாட்டாவ" என்பாய். கடைசியில் நான் கேட்கவேண்டியதையும் நீயே கேட்டுவிடுவாய். அந்த வகுப்பில் எனக்கென்று இருந்தவள் நீ ஒருத்திதான்.

அதனால்தான் உன்னிடம் சொன்னேன். திரும்பும் பஸ்ஸில், இலைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு. அத்தை மகனைக் கட்டமாட்டேன், மேலே படிக்கவேண்டும் என்று சொன்ன நாளிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை என்பதை. தச்சநல்லூரில் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். எனக்கு ஏதாவது சொல்லவேண்டுமென்றால் முற்றத்தில் கட்டியிருக்கும் ஆட்டுக்கிடாவிடம் சொல்வார். "மழ வருத மாதிரி இருக்குலே. கொட எடுத்துட்டுப் போனா நல்லது." நான் குடையை எடுத்துக்கொள்வேன். அவர் கிடாவின் கழுத்தைச் சொறிந்துகொண்டே, நான் தெருமுனை திரும்பும்வரை நிற்பார்.

நீ சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாய். யாரிடமும் சொல்லிவிடாதே என்றேன். "நான் ஏம்ட்டி சொல்லுதேன்?" என்றாய்.

பருவம் முடியும் நேரத்தில், நீ பார்த்துவந்த குடும்பம் வேலை தேடிக் கேரளத்துக்குப் போய்விட்டது. உன்னிடம் பேச ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். வகுப்பில் நீ எழுந்து நின்றபோது உனக்காக நான்தான் பயந்தேன். நீயோ பதற்றமில்லாமல் மாலா என்ற பெண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். பெயர் மாற்றப்பட்டிருக்கிறது என்று முறைப்படி சொன்னாய். மாலாவின் அப்பா அவளோடு பேசுவதில்லை. மாலாவின் வீட்டில் ஒரு கிடா இருந்தது.

"மொதல்ல அந்தக் கிடாவுக்குத்தான் சார் கவுன்சலிங் குடுக்கணும்" என்றான் பின்வரிசையில் ஒருவன். வகுப்பே சிரித்தது. நீயும் சிரித்தாய். என் அப்பாவுக்கு என்னோடு மிச்சமிருந்த ஒரே பேச்சு அது. பேராசிரியர் அதைக் குடும்ப உறவுச் சிக்கல் என்று பலகையில் எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ ஒண்ணும் சொல்லலியேம்மா. இந்தப் பொண்ணுக்கு என்ன செய்யலாம்?"

அந்த வகுப்பில் நான் வாய்திறந்து கேட்ட ஒரே கேள்வி அதுதான். "அந்தப் பொண்ணுகிட்டச் சம்மதம் கேட்டாச்சா சார்?"

அவர் உன்னைப் பார்த்தார். நீ என்னைப் பார்த்தாய். என்னைப் பார்த்துக்கொண்டே, "கேட்டாச்சு சார். சரின்னுட்டா" என்றாய்.

வெளியே வந்ததும் பின்னாலேயே ஓடிவந்தாய். "பேர மாத்திட்டேம்லா, யாருக்குட்டி தெரியப் போவுது?" என்றாய்.

"ஆட்ட மாத்தலியே" என்றேன்.

அதற்குப் பிறகும் நீ பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்தாய். நான் போய் டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். படிப்பு முடிந்தது. போன வருடம் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

துக்கத்துக்கு உன் ஊருக்கு வந்தேன். உன்னைப் பெட்டியில் வைத்திருந்த அறையிலேயே உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தச்சநல்லூர்ப் பிள்ளையாம்மா நீ? ஒங்க அப்பா இப்பமாவது பேசுதாவளா?" அவர் பிரியத்தோடுதான் கேட்டார். ஆனால் நான் உன்னைத்தான் பார்த்தேன். வீட்டிலும் சொல்லியிருக்கிறாய். இன்னும் யார் யாரிடம் சொன்னாய் என்று இனி யாரைக் கேட்பேன்? "பேசுதாவ அம்மா" என்று பொய் சொன்னேன். உன் அம்மா சிலுவை போட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னார். எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை.

இப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. அதே ஆற்றோரக் குடியிருப்புகள், அதே வயதுப் பெண்கள். போன வாரம் ஒருத்தி தன் வீட்டுக் கதையை என்னிடம் சொன்னாள். இன்றைய கூட்டத்தில் ஆளுக்கொரு பெண்ணின் கதையைச் சொல்லவேண்டும் என்று உத்தரவு. சொல்லலாமா என்று அவளிடமே கேட்டேன். "வேண்டாங்க்கா" என்றாள். பெயரை மாற்றிச் சொல்லட்டுமா என்று நான் கேட்கவில்லை.

என் முறை வந்தபோது எழுந்து, என்னிடம் சொல்ல எதுவும் இல்லை என்றேன். "வாரம் முழுக்க அங்கன போய் என்னதான் பாக்கிய?" என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் கேட்டார். காது சுட்டது. உடன் வேலை செய்பவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டார்கள். அடுத்தவர் எழுந்தார், பேச்சு வேறு பக்கம் போனது. அவ்வளவுதான். உள்ளே வந்த டீ ஆறுவதற்குள் அந்த அவமானம் ஆறிவிட்டது.

அன்று நீயும் இப்படி நின்றிருக்கலாம். நின்றிருந்தால், உன் பெட்டிக்குப் பக்கத்தில் நானும் அழுதிருப்பேன்.