வண்டி அனத்துதுங்க

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு, மழை.

அன்புள்ள வேல்முருகனுக்கு,

நானும் வண்டியும் நலம் என்று தொடங்க வேண்டும். வண்டி நலம்.

எதற்குத் தபால் என்று கேட்பீர்கள். போனில் நாம் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசுகிறோம். ஷார்ஜாவில் என்ன குழம்பு, இங்கே என்ன குழம்பு. அது போதாமல் போய்விட்டது.

இந்த வருடமும் லீவு இல்லை, வண்டியை விற்றுவிடு, வரும்போது புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்றீர்கள். பொள்ளாச்சியிலிருந்து அர்த்தநாரி என்பவர் வந்து பார்த்தார். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

சத்தம் தொடங்கியது கம்பம்மெட்டு மலைப்பாதையில். உங்கள் அம்மாவைப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். கம்பத்தில் ஏதோ வாங்க வேண்டுமென்று அவர்களும் ஏறிக்கொண்டார்கள். வலது வளைவு வரும்போதெல்லாம் ஒரு முனகல். இடது வளைவில் இல்லை. நேர் ரோட்டில் இல்லை. அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, காய்ச்சக்காரப் பிள்ள மாதிரில்ல அனத்துது, கசாயம் வச்சுக் குடு என்றார்கள். சிரித்தேன். ஆனால் அதைவிடச் சரியான வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

வண்டி வாங்கிய ஷோரூமிலேயே சர்வீஸுக்கு விட்டேன். பாலக்காடு பைபாஸ். கண்ணாடி அறை, இலவசக் காப்பி. டின்சி என்ற பெண் டேப்லெட்டில் குறித்துக்கொண்டாள். வண்டி அனத்துதுங்க என்றேன். ஓகே சேச்சி என்றாள். சாயங்காலம் வீல் பேலன்சிங் செய்து கொடுத்தார்கள். அனத்தல் அப்படியே. மறுபடி விட்டேன். அலைன்மென்ட். மறுபடி. இன்ஜினைத் தாங்கும் ரப்பரை மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் வண்டி பளபளவென்று வந்தது. சத்தத்தோடு.

கடைசி முறை உள்ளேயும் கழுவியிருந்தார்கள். கதவைத் திறந்தால் எலுமிச்சை வாசம்.

ஏலக்காய் வாசம் போய்விட்டது.

நினைவிருக்கிறதா. கல்யாணமான புதிதில், டிக்கியில் ஏலக்காய் மூட்டையோடு கம்பம்மெட்டிலிருந்து வந்தோமே. மழை. கண்ணாடியை இறக்க முடியவில்லை. எனக்குத் தலை கிறுகிறுத்தது, உங்களுக்குப் பசித்தது. உடுமலையில் நிறுத்தினோம். காப்பியில் ஏன் ஏலக்காய் போட்டீர்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனீர்கள். அவர் பாவம், டம்ளரை முகர்ந்து முகர்ந்து பார்த்தார். வாசம் உங்கள் சட்டையில் இருந்தது.

சீட் துணியிலும் தங்கிவிட்டது. வெயில் ஏறினால் வரும். நீங்கள் போன பிறகும் வந்துகொண்டிருந்தது. நான் சத்தத்தை எடுக்கச் சொன்னேன். அவர்கள் இதை எடுத்துவிட்டார்கள்.

அன்றைக்குக் காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு டின்சியின் முன்னால் போய் உட்கார்ந்தேன். கோபம் வந்தால் எனக்கு ‘ங்க’ கூடிவிடும், உங்களுக்குத் தெரியும். ஏனுங்க, அனத்துதுன்னா என்னன்னு தெரியுமாங்க உங்களுக்கு என்றேன். அறியாம் சேச்சி, தெரியுமே, அனக்கம், வண்டி ஆடுது என்றாள்.

மலையாளத்தில் அனக்கம் என்றால் அசைவு. இத்தனை நாளும் ஆட்டத்துக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். பல்வலிக்கு மூக்குக்கண்ணாடி.

ஜுரக்காரி போல முனகிக் காட்டினேன். காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டின்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அவள் வண்டியைத் தொடுவதே இல்லை. தொடுகிறவர்கள் வண்டிக்காரரைப் பார்ப்பதே இல்லை. அவள் டேப்லெட்டில் தொட்ட கட்டம்தான் உள்ளே போகிறது. பேலன்சிங்குக்கு இத்தனை நிமிடம், அலைன்மென்ட்டுக்கு இத்தனை நிமிடம். ஓட்டிப்பார்த்துக் கேட்பதற்கு நிமிடமே ஒதுக்கவில்லை. மாற்றிய பாகம் கணக்கில் ஏறும், கேட்டது ஏறாது. அவளுக்கோ பாலிஷும் வாசனையும் விற்றால்தான் மேனேஜர் முகம் மலரும். ஆரும் கள்ளம் செய்யறதில்ல சேச்சி, ஆரும் வண்டியில ஏறி இருக்கறதில்ல, அத்ரதான் என்றாள்.

அப்புறம் அவளே உள்ளே போய் டின்டு என்ற மெக்கானிக்கைக் கூட்டிவந்தாள். சாப்பாட்டு இடைவேளை. இரண்டு பேரும் திட்டு வாங்கத் தயாராக இருந்தார்கள். டின்டு என் பக்கத்தில், டின்சி பின்னால். நான் ரவுண்டானாவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். போக்குவரத்து போலீஸ்காரர் வழி மறந்துவிட்டதா என்று கேட்டார். டின்டு கையைக் காட்டி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். இடது முன்சக்கரத்து பேரிங் என்றார்.

மாற்றினார்கள். போய்விட்டது.

வண்டி இப்போது அமைதியாக ஓடுகிறது. சித்தூர் கல்லூரிக்கு வேலைக்குப் போகும்போது அந்த அமைதியில் சிலது நினைவுக்கு வருகிறது. தூக்கம் வரவில்லை என்று போனில் சொன்னேன். ஏசி மாட்டச் சொன்னீர்கள். எதிலும் மனம் ஒட்டவில்லை என்றேன். பெரிய டிவி வந்தது. ஒரு மாதிரியாக இருக்கிறது என்றேன். சத்து மாத்திரை. எல்லாமே நல்லவை. குறை சொல்லவில்லை. வீடு பளபளவென்று இருக்கிறது.

அர்த்தநாரியிடம் வண்டி விற்பதாக இல்லை என்றேன். ஆம்பள இல்லாத ஊட்டுல எதுக்குங்க காரு என்றார். ஓட்டறதுக்குத்தானுங்க என்றேன்.

உங்கள் அம்மா ஒரு பை ஏலக்காய் கொடுத்தனுப்பியிருந்தார்கள். சீட்டுக்கு அடியில் வைத்தேன். அந்த வாசம் வரவில்லை. மூட்டை வேண்டும் போல. மழையும்.

டின்டு உட்கார்ந்தபோது பக்கத்து சீட்டை முன்னால் இழுத்திருந்தார். உங்கள் கால் நீளத்துக்கு மறுபடி பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன். லீவு கேட்டுப் பாருங்கள். எதுவும் வாங்கி வர வேண்டாம். கம்பம்மெட்டு வரை போவோம். நான் ஓட்டுகிறேன். நீங்கள் எதையும் சரிசெய்ய வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்காதீர்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள்
செல்வப்பிரியா