படம் உன்னுடையது, சத்தம் என்னுடையது

பனிக்கு நடுவே ஜெனரேட்டரைக் கட்டி மேய்க்கும் என் வீட்டுக்காரிக்கு, வீட்டில் இருக்கும் வீட்டுக்காரன் எழுதுவது.

நான், நம் மகள், உன் அப்பா மூவரும் நலம். கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். இனி உள்ளதை எழுதுகிறேன்.

வாரா வாரம் போனில் பேசுகிறோமே, இந்த மனுஷனுக்கு என்ன வந்தது என்று நினைப்பாய். போனில் நீ பேசுவது இங்கே வந்து சேர்வதற்குள் நான் வேறு ஏதோ பேச ஆரம்பித்துவிடுகிறேன். இருவரும் சேர்ந்தே பேசி, சேர்ந்தே நிறுத்தி, நீ சொல்லு, இல்லை நீங்க சொல்லுங்க என்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. உனக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் செருமுவது வேறு கேட்கிறது. அதனால்தான் கடிதம். உங்கள் துருவ ஆராய்ச்சி நிலையத்துக்கு மாவும் டீசலும் ஏற்றி வரும் கப்பலில் இதுவும் வருகிறது. சரக்கை இறக்கிவிட்டு, ஊர் திரும்புகிறவர்களை ஏற்றிக்கொண்டு அதே கப்பல் கிளம்பிவிடும். அதை விட்டால் அடுத்த வருஷம்தான். ஆகவே தபால் கைக்கு வந்ததும் படி. அப்புறம் பார்க்கலாம் என்று தலையணைக்கு அடியில் வைத்துவிடாதே. உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

முதலில் உன் அப்பா. இடுப்பு எலும்பு கூடி வருகிறது என்கிறார் டாக்டர். சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை போய்வருகிறார். பயிற்சி கொடுக்க வரும் பெண்ணோடு தினமும் சண்டை. கால் அவருடையதாம், அதை எப்போது தூக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியுமாம். கீழே விழுந்ததில் மாமாவுக்கு வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. குளிக்க வைக்கும்போது மட்டும் இன்னும் என்னிடம் கூச்சப்படுகிறார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நானும் எதையாவது உளறிக்கொண்டே தண்ணீர் ஊற்றுவேன். மாமனாரும் மருமகனும் இவ்வளவு நெருங்கிப் பழக வேண்டியிருக்கும் என்று கல்யாணத்தின்போது யாரும் என்னிடம் சொல்லவில்லை.

பல் செட் கட்டும் வேலையில் மாற்றம் ஒன்றுமில்லை. அதே மெழுகு, அதே பிளாஸ்டர் தூசி, அதே முதுகுவலி. போன வாரம் ஒரு பெரியவருடைய பல் செட்டில் கோரைப் பற்களை வலது இடது மாற்றி வைத்து அனுப்பிவிட்டேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு சிரித்ததும் பல் டாக்டரே பயந்துவிட்டாராம். திரும்பி வந்த செட்டை, மெருகு போடும் அக்கா யாருக்கும் தெரியாமல் வாங்கி என் மேஜையில் வைத்தார். தம்பி, நீங்க வீட்டுல தூங்குறீங்களா இல்லையா என்று கேட்டார். தூங்குறேன் அக்கா என்றேன். தூங்கத்தான் செய்கிறேன். எழுந்திருக்கும்போதுதான் தூங்கின மாதிரியே இல்லை.

சனிக்கிழமைப் படம் நிற்கவில்லை. எந்த வேலை கிடந்தாலும் அதை விடுவதில்லை. நம் பழைய ஏற்பாடுதான், படம் உன்னுடையது, சத்தம் என்னுடையது. கல்யாணமான புதிதில் அந்த ஒற்றை அறை வீட்டில் நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? உனக்குப் பழைய விண்வெளிப் படம் பார்க்க வேண்டும். எனக்கு ப்ளூஸ் பாட்டு கேட்க வேண்டும். இரண்டுக்கும் அந்த அறையில் இடமில்லை. கடைசியில் நீ கோபத்தில் டிவியின் சத்தத்தை அடைத்துவிட்டு, போடுங்க உங்க அழுமூஞ்சிப் பாட்டை என்றாய். திரையில் வெள்ளி உடை போட்ட ஒருவன் மணல் கிரகத்தில் நின்றுகொண்டு, தன்னை விட்டுவிட்டுப் போகும் கலத்தை அண்ணாந்து பார்க்கிறான். என் இசைத்தட்டில் ஒரு கிழவர் கிதார் கம்பியைத் தேய்த்துக்கொண்டு முனகுகிறார். சண்டையை மறந்து, படம் முடியும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு அந்தப் படங்களின் சத்தத்தை நாம் வைத்ததே இல்லை. அதில் வருகிறவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியாமலேதான் இத்தனை வருஷமும் பார்த்தேன்.

உன் படங்களை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன். பறக்கும் தட்டு தொங்கும் நூல் தெரிகிறது என்பேன். நூல் தெரிஞ்சா என்ன, பறக்குதுல்ல என்பாய். ரப்பர் தோலுக்குள்ள ஒரு ஆள் வேர்த்து விறுவிறுத்து நிக்கிறான், பாவம், சிரிக்காதீங்க என்பாய். நீ பக்கத்தில் இல்லாமல் பார்க்கும்போதுதான் அதெல்லாம் எனக்குக் கண்ணில் படுகிறது. தகரத்தையும் அட்டையையும் நாலு சிவப்பு பல்புகளையும் வைத்துக்கொண்டு ஒரு கிரகத்தையே எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள். அந்த அட்டைக் குகைக்குள் ஓடுகிறவன் முகத்தில் துளி சிரிப்பு கிடையாது. உயிர் போகிற மாதிரியே ஓடுகிறான். அந்த நம்பிக்கைக்கே ஒரு கும்பிடு போடலாம். என் பாட்டுக்காரர்களும் அந்த ரகம்தானே. ஒரு கிதார், தரையில் தாளம் போட ஒரு கால், அவ்வளவுதான் கைமுதல். ஒரு குறையை ஒரு வரியில் சொல்வார்கள். கேட்டவனுக்குக் காதில் விழவில்லையோ என்று அதையே மறுபடியும் சொல்வார்கள். மூன்றாவது வரியில் ஒரு பதில் வரும், பல நேரம் அது நக்கலாக இருக்கும். குரல் நிற்கிற இடத்தில் கிதார், கதை கேட்கும் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி ‘உம்’ கொட்டும்.

மாமாவுக்கு இரண்டும் ஆகாது. இவனுக்கு என்ன வயித்து வலியா என்று பாட்டுக்காரரைப் பற்றி ஒவ்வொரு வாரமும் கேட்பார். ஆனால் படத்தில் எப்போதும் பூதத்தின் கட்சி. அது பாட்டுக்கு வந்துச்சு, அதைப் போய் ஏன் சுடுறானுங்க என்று திரையோடு மல்லுக்கு நிற்பார். மகள் இன்னும் ஒரு படி மேல். வேறு கிரகத்துக்காரர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று வகுப்பில் டீச்சர் கேட்டிருக்கிறார். அவங்க பேச மாட்டாங்க மிஸ், கிதார் வாசிச்சு சோகமாப் பாடுவாங்க, காலைத் தட்டுவாங்க என்று இவள் அடித்துச் சொல்லியிருக்கிறாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று விசாரித்தார். சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது நடந்த கூத்தைக் கேள். ரெக்கார்ட் பிளேயர் கிறீச்சிட ஆரம்பித்தது. கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்பவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் தட்டைச் சுழலவிட்டு, அதன் மேல் வேகம் பார்க்கும் கோடு போட்ட ஒரு வட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, இது எத்தனை வருஷமா இவ்வளவு மெதுவா ஓடுது என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? பழையதாக வாங்கிய நாளிலிருந்து அது அப்படித்தான். பெல்ட் தொய்ந்து போயிருக்கிறதாம். புதிதாக மாட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து நம் கிழவரின் இசைத்தட்டைப் போட்டேன். அவர் கிழவரே இல்லை! இளவட்டம். கல்யாணத்துக்குப் புறப்பட்டவன் மாதிரி துள்ளிக்கொண்டு பாடுகிறான். மாமா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, வயித்து வலி சரியாயிடுச்சு போல என்றார். மகள், இது அவர் இல்லை, அவரைத் திரும்பக் கொண்டுவாங்க என்று அழுதாள். எனக்கும் அழுகைதான் வந்தது. எவ்வளவு உருகியிருக்கிறோம் அந்தச் சோர்ந்த குரலுக்கு. அது பாடகனுடைய சோர்வு இல்லையாம், ரப்பர் பெல்ட்டின் சோர்வாம். பழையபடியே ஆக்கித் தர முடியுமா என்று ரிப்பேர்காரரிடம் போய் நின்றேன். சரியா ஓடுறதைக் கெடுத்துத் தரச் சொல்றீங்களே, உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

வேறு வழியில்லாமல் அந்த வேகத்திலேயே கேட்டேன். கேட்கக் கேட்கத்தான் புரிந்தது. குரல்தான் துள்ளுகிறதே தவிர வார்த்தை மாறவில்லை. வீட்டில் ஆளில்லை, ரயில் போய்விட்டது, படுக்கையில் பாதி குளிர்ந்து கிடக்கிறது. அதையேதான் பாடுகிறான், சிரித்துக்கொண்டே, காலைத் தட்டிக்கொண்டே. மெதுவாகப் பாடியதைத் தாங்க முடிந்தது. இதைத் தாங்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அந்த மணல் கிரகப் படத்தையே மகள் கேட்டாள். பாட்டு இப்போது சீக்கிரம் முடிந்துவிடுகிறதல்லவா, படத்தின் நடுவே நான் எழுந்து தட்டைத் திருப்பிப் போடுவதற்குள் வீடு நிசப்தமாகிவிட்டது. திரையில் அந்த வெள்ளி உடைக்காரனின் மனைவி. இத்தனை தடவை பார்த்திருக்கிறோம், அவளை நாம் கவனித்ததே இல்லை. அவளுக்குப் படத்தில் அந்த ஒரே காட்சிதான். ஒரு கண்ணாடிக்குப் பின்னால் நின்று, மைக்கைப் பிடித்துக்கொண்டு வானத்தில் இருப்பவனோடு பேசுகிறாள், கையை ஆட்டுகிறாள், அதோடு படம் அவளை மறந்துவிடும். அவங்க என்னப்பா சொல்றாங்க என்று மகள் கேட்டாள். தெரியாது என்றேன். மாமாவின் கைக்கு எட்டும் தூரத்தில் ரிமோட் இருந்தது. அவர் சத்தத்தைக் கூட்டினார்.

அந்த அம்மாள் ரொம்பச் சிரித்த குரலில், எங்களைப் பத்திக் கவலைப்படாதீங்க, இங்க எல்லாம் நல்லாப் போயிட்டிருக்கு, உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யுங்க என்றாள்.

அப்பா, நீங்க போன்ல அம்மாகிட்டப் பேசுற மாதிரியே பேசுறாங்க என்றாள் மகள். அவள் குற்றமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கும் உன் அப்பா தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நிலையத் தலைவர் உன்னை இன்னொரு குளிர்காலம் இருக்கச் சொல்கிறார் என்று நீ சொன்னபோது, உன் இஷ்டம், இங்க எல்லாம் நல்லாப் போயிட்டிருக்கு என்றேன் அல்லவா? அதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நல்லாப் போகவில்லை. எனக்குக் களைப்பாக இருக்கிறது. இது ஞாயிற்றுக்கிழமை தூங்கினால் தீர்கிற களைப்பு இல்லை. நீ திட்டாத வீட்டில் எதையும் சரியாகச் செய்யத் தோன்றவில்லை. மகள் முன்பெல்லாம் அம்மா எப்ப வருவாங்க என்று நச்சரிப்பாள். இப்போது கேட்பதில்லை. போன வாரம் உன் போன் வந்தபோது பல் தேய்த்துக்கொண்டிருந்தவள், நல்லா இருக்கேன்னு சொல்லிடுங்கப்பா என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து தேய்த்தாள். அவள் தூங்கிவிட்டாள் என்று உன்னிடம் சொன்னேன். அவள் அழுதால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

நீ அங்கே சந்தோஷமாக இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. புயலில் நின்றுபோன ஜெனரேட்டரை நீ தனியாளாக ஓட வைத்ததைச் சொன்னபோது, உன் குரலில் அப்படி ஒரு பூரிப்பு. இந்த வீட்டில் அதை நான் கேட்டதில்லை. அதனால்தான் இவ்வளவு நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். உன் சந்தோஷத்துக்குக் குறுக்கே நிற்கிறவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். இப்போது அந்தப் பெயர் வந்தாலும் பரவாயில்லை. நீ இனிமேல் போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வந்து, இவளுக்கு நீ யார் என்று ஞாபகப்படுத்திவிட்டு, பிறகு வேண்டுமானால் போ. இந்தத் தடவை வா.

இருக்கப் போகிறேன் என்று நீ முடிவு செய்தால், அதைப் போனில் சொல்லாதே. கப்பல் திரும்பி வரும் அன்று நாங்கள் மூவரும் துறைமுகத்தில் நிற்போம். உன் அப்பாவின் நாற்காலியை ஏற்ற, சரிவுப் பாதை எந்த வாசலில் இருக்கிறது என்று போய்க் கேட்டுவிட்டு வந்தேன். மூன்றாவது வாசலாம். கடைசி ஆள் இறங்கும்வரை அங்கேயே நிற்போம். அம்மாவை அழைத்துவரத்தான் போகிறோம் என்று மகளிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லலாமா வேண்டாமா என்பது உன் கையில் இருக்கிறது.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு என்று எழுதி முடிப்பதுதான் முறை. அதை எழுத எனக்குக் கை வரவில்லை. இங்கே இருந்து நன்றாக இரு.

உன்னுடையவன்