சிவப்புக் கடலும் ஒரு மஞ்சள் பொட்டும்

ஆகஸ்ட் 31, ஞாயிறு
அசோக் நகர் ஓவிய வகுப்பில் இன்று கடலை முடித்தேன். நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்கப் போனபோது பார்த்த அதே கடல்தான். ஆனால் முழுக்கச் சிவப்பு. வானம் பச்சை, படகுகள் ஊதா. "கண்ணுக்குத் தெரிஞ்ச கலர் வேண்டாம்மா, மனசுல இருந்த கலரைப் போடுங்க" என்று டீச்சர் அனுப்ரியா சொன்னதுதான் தாமதம், ஒரு ட்யூப் காலி. இருபத்திரண்டு வருடமாக தி. நகரில் மேட்சிங் ப்ளவுஸ் கடை. அடுத்தவர் புடவைக்கு நிறம் பொருத்தியே பழகியவள், எதோடும் பொருந்தாத ஒன்றைச் செய்துவிட்டேன்!

வீட்டுக்கு வந்ததும் இவர் சொன்னார்: "புஷ்பம், தீபாவளி யாவாரம் வருது. வர்ற ஞாயித்துக்கெழமையோட வகுப்ப நிறுத்திரு." தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

செப்டம்பர் 1, திங்கள்
படத்தைக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் மாட்டினேன். "ஏட்டி, கடலு எங்கயாச்சும் செவப்பா இருக்குமா?" என்றார் இவர். துணி கிழித்துத் தரும் தேவானை நொச்சிக்குப்பத்துக்காரி. "இன்னாக்கா, எங்க வூட்டாண்ட கீற கடலா இது? ரத்தமா கீது!" என்றாள். பிறகு இவரிடம் ரகசியமாக, எனக்கும் கேட்கிற மாதிரி: "செவப்புன்னா கோவம்ணே. அக்கா உன் மேல செம காண்டுல கீது."

என் வீட்டுக்காரர் வெள்ளைத்துரை அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 3
காலையில் இவரே காபி போட்டார். வெந்நீரில் லேசாகப் பால் வாசனை. குடித்தேன்.

செப்டம்பர் 4
மூன்று முழம் மல்லிகை. கோபமே இல்லை என்று சொல்லிவிடலாம். சொல்லணுமா? நாளைக்கு என்ன வருகிறதென்று பார்ப்போம்.

செப்டம்பர் 5
அல்வா!

செப்டம்பர் 6, சனி
நாளை கடைசி வகுப்பு. பூவும் அல்வாவும் தருகிற மனுஷருக்கு ஞாயிற்றுக்கிழமையைத் தர மனசில்லை. இப்போது நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, "எம்மேல அப்படி என்னட்டி கோவம்?" என்று கேட்டார்.

"அது கோவச் செவப்பு இல்லைங்க. முகூர்த்த மாசத்துல நம்ம கடை பூராச் செவப்பாக் கெடக்குமே, அந்தச் சந்தோசம். வாரத்துல ரெண்டு மணி நேரம் யாருக்கும் எதையும் பொருத்த வேண்டாம்னு இருந்தேன். அதையும் புடுங்குதீங்களே—"

அழுதுவிட்டேன். தேவானை முன்னாலேயே. சே.

இவர் படத்தை ஆணியிலிருந்து கழற்றினார். நேரே தெருவாசலுக்குத் தூக்கிப் போனார். எங்கள் தொழிலில் ட்யூப்லைட்டை நம்பி நிறம் சொல்வதில்லை. துணியை வெயிலில் பார்த்த பிறகுதான் கிழிப்போம். சனிக்கிழமைக் கூட்டம் இடித்துக்கொண்டு போகிறது, இவர் கடலைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார்.

"உள்ள வச்சுப் பாத்தா அரக்கு மாதிரி இருந்துச்சு. இது குங்குமச் செவப்புல்லா! ஓரத்துல மாதுளை." படத்தைக் கண்ணருகே கொண்டுபோய், "கரையில இந்த மஞ்சப் பொட்டு என்னது?"

எல்லாரும் சிவப்பைத்தான் கேட்டார்கள். மஞ்சளைக் கேட்டது இவர் ஒருவர்தான்.

"நீங்கதான். மீன்காரம்மாகிட்ட பேரம் பேசிக்கிட்டு நின்னீங்கல்லா."

அன்று இவர் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. படத்தைத் திரும்ப மாட்டிவிட்டு கல்லாவில் உட்கார்ந்துகொண்டார்.

செப்டம்பர் 7, ஞாயிறு
வகுப்பு முடிந்தது. தூரிகைகளைக் கழுவி வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு
எழுந்து பார்த்தால் இவரைக் காணோம். தேவானைக்குப் போன் செய்தால், எனக்குப் பதில் அவளைச் சீக்கிரம் வரச்சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டாராம். மேசைமேல், வகுப்புக்குக் கிளம்பத் தயாராக என் தூரிகைப் பை. உள்ளே விரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் ப்ளவுஸ் துண்டு, குண்டூசி குத்திய சீட்டோடு:

"அடுத்த கடல்ல என்னை இந்தக் கலர்ல போடு. நீ போட்டது கெழட்டு மஞ்சள்."