காலுக்கு ஒரு கட்டம்

லட்லோ
4 மார்ச் 1814

அன்புள்ள மருமகள் லவீனியாவுக்கு,

இங்கே நலம். நீயும் குழந்தை அம்புரோஸும் குளிருக்குத் தப்பிச் சுகமாக இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். நீ அனுப்பிய அவனுடைய சிறிய ஓவியம் சேதமில்லாமல் வந்தது. வெள்ளை மஸ்லின் கவுன், நீலப் பட்டி, சிவப்புக் காலணி, தோள்வரை சுருள்முடி. அழகாக இருக்கிறான். மூன்று முறை எடுத்துப் பார்த்தேன்.

ஒரு சிறு சந்தேகம். கேட்பது தவறென்றால் மன்னித்துவிடு. இது போன மாதம் வரைந்தது என்கிறாய். சின்னப் பையன்களுக்கும் கவுன் போடுவது வழக்கம்தான்; ஆனால் பேரனுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டதே. என் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் திருமதி பியூ ஓவியத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்கய்யா இது, எம் பையன் நாலு வயசுல கால்சட்டைய மாட்டிக்கிட்டு மரத்துல ஏறிட்டான். இந்தப் புள்ளைக்கு இன்னுமா கவுனு?" என்றாள். அவளுக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

அவனுடைய முதல் கால்சட்டையை நான் தைப்பித்து அனுப்ப விரும்புகிறேன். மேல்சட்டையோடு பொத்தான் வைத்து இணைப்பார்களே, அந்த வகை. தையற்காரருக்காக ஏழு கட்டங்கள் போட்ட தாள் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். அளந்து நிரப்பினால் போதும்.

எட்மண்ட் இருந்திருந்தால் அவனே செய்திருப்பான். பதினாறு வயதில் இந்த வீட்டைவிட்டுப் போன என் மகன் சாகும்வரை திரும்பவில்லை. காரணம் எனக்கு இன்றும் விளங்கவில்லை.

உன் நலம் நாடும்,
செப்டிமஸ் தோர்லி


பாத்
15 மார்ச் 1814

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் கடிதமும் தாளும் கிடைத்தன. அம்புரோஸ் நன்றாக இருக்கிறான். கவுன் துவைக்க எளிது, அவனுக்கும் அதுதான் பிடிக்கிறது. என்ன அவசரம்?

இங்கே பெண்களின் கவுன் இடுப்பு இன்னும் மேலே ஏறிவிட்டது. இனி ஏற இடமில்லை. ஆண்கள் கழுத்துத் துணியைக் கஞ்சி போட்டு விறைப்பாகக் கட்டுவதால், கூப்பிட்டால் உடம்போடு திரும்புகிறார்கள். கணுக்கால்வரை வரும் நீளக் கால்சட்டைதான் இப்போது இளைஞர்களுக்கு. "முட்டி வரைக்கும் போட்டுக்கிட்டு வர்றவங்க எல்லாம் தாத்தாங்க" என்கிறாள் கீழ்வீட்டுப் பெண். உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தாளை நிரப்பி அனுப்பியிருக்கிறேன்.

வணக்கத்துடன்,
லவீனியா


லட்லோ
24 மார்ச் 1814

அன்புள்ள லவீனியாவுக்கு,

தாள் வந்தது. கழுத்து, தோள், மார்பு, இடுப்பு, கை, மணிக்கட்டு ஆகிய ஆறும் இருக்கின்றன. ஏழாவதான கால் நீளம் காலியாக இருக்கிறது. மறதி என்றுதான் முதலில் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை என் தம்பி மகன் ஜாஸ்பர் வந்தான். உனக்குத் தெரியும், இந்த வீடும் நிலமும் ஆண் வாரிசுக்கே போகும் என்று என் தந்தை எழுதிவைத்திருக்கிறார். அம்புரோஸுக்கு இல்லையென்றால் ஜாஸ்பருக்கு. அவன் ஓவியத்தைச் சன்னலருகே பிடித்துப் பார்த்துச் சிரித்தான். "பெரியப்பா, கவுன் போட்டா எல்லாக் குழந்தையும் ஒண்ணுதான். கால்சட்டை போட்டாத்தானே தெரியும்? போடவே மாட்டேங்கறாங்கன்னா என்ன அர்த்தம்? அது பொண்ணு. உங்களை ஏமாத்துறாங்க."

இல்லை என்று சொன்னேன். போதுமான உறுதியோடு சொன்னேனா என்று தெரியவில்லை. பிறகு நான் செய்ததை மறைக்க மாட்டேன்: ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல் கேட்டு உங்கள் தேவாலயத்துக்கு எழுதியிருக்கிறேன். முத்திரை வைத்த பிறகு இரண்டு முறை கிழிக்கப் பார்த்தேன். கடைசியில் அனுப்பிவிட்டேன்.

அந்த ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பிவிடு, மகளே.

செப்டிமஸ் தோர்லி


பாத்
2 ஏப்ரல் 1814

திரு. தோர்லி அவர்களுக்கு,

நகல் உங்களுக்கு வந்து சேரும். அதில் 'மகன்' என்றுதான் இருக்கும். அம்புரோஸ் ஆண்பிள்ளை.

அந்தக் கட்டத்தை நான் மறக்கவில்லை. உங்கள் தாளில் காலுக்கு ஒரு கட்டம்தான் இருந்தது. அவனுக்கு இரண்டு வேண்டும். இடது கால் வலதைவிடக் குட்டை, பாதம் உள்பக்கம் திரும்பியிருக்கிறது. அவன் அப்பாவுக்கு இருந்தது போலவே.

எட்மண்ட் உங்களைப் பற்றி அதிகம் பேசியதில்லை. ஒன்றே ஒன்று சொன்னார். "அஞ்சு வருஷம், பாதத்த நிமித்தக் கால்ல இரும்புச் சட்டம். தினம் சாயந்திரம் அப்பா வந்து திருகாணியக் கால்வாசிச் சுத்து முடுக்குவாரு. முடுக்கிட்டு நோட்டுல எழுதுவாரு. நான் கத்துனா, எழுதி முடிக்கிற வரைக்கும் காத்திருப்பாரு." நடை கடைசிவரை சரியாகவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

கவுன் தரைவரை வருகிறது. அதற்குள் என் பிள்ளை ஓடுகிறான். நீங்கள் அறிந்தால் இரும்போடு வருவீர்கள் என்று பயந்தேன். நீங்களோ அவன் பெண் என்று பயந்திருக்கிறீர்கள். வீட்டை ஜாஸ்பருக்கே கொடுத்துவிடுங்கள். எங்களுக்கு எழுத வேண்டாம்.

லவீனியா தோர்லி


லட்லோ
9 ஏப்ரல் 1814

லவீனியாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒரு கடிதத்துக்கு மன்னிப்பு.

நோட்டைத் தேடி எடுத்தேன். தேதி, திருகின அளவு, பாதத்தின் கோணம் எல்லாம் என் கையெழுத்தில் ஒழுங்காக இருக்கின்றன. அவன் கத்தியது எங்கேயும் இல்லை. மருத்துவர் சொன்னதைச் செய்கிறேன் என்று நம்பினேன். அவன் போன காரணம் விளங்கவில்லை என்று உனக்கு எழுதினேனே, அது பொய்யில்லை. ஆனால் உண்மையும் இல்லை என்று இப்போது படுகிறது.

இரும்பைக் கொல்லரிடம் கொடுத்து, அவர் உலையில் போடும்வரை பக்கத்திலேயே நின்றேன். "என்ன செஞ்சு தரட்டும் ஐயா?" என்றார். எதுவும் வேண்டாம் என்றேன். நகல் வந்தது. பிரிக்காமல் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஜாஸ்பரிடம், வாரிசு என் பேரன்தான், இனி இதைப் பற்றிப் பேசாதே என்று சொல்லிவிட்டேன். இந்த முறை உறுதியோடு சொன்னேன்.

புதுத் தாள் ஒன்று போட்டிருக்கிறேன். எட்டுக் கட்டங்கள். நீ நிரப்பாவிட்டாலும் எனக்குப் புரியும்.

செப்டிமஸ்


பாத்
20 ஏப்ரல் 1814

மாமாவுக்கு,

வலது கால் பதினேழு அங்குலம். இடது பதினைந்தே முக்கால்.

மறைப்பதற்காக அகலமாகத் தைக்க வேண்டாம். அளவுப்படியே இருக்கட்டும்.

அளக்கும்போது அம்புரோஸ் அசையாமல் நின்றான். யார் தைத்து அனுப்புகிறார்கள் என்று கேட்டான், சொன்னேன். "தாத்தாவுக்கு எந்தக் கால் குட்டை?" என்றான்.

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். மே மாதம் வருவோம். அவனிடம் நீங்களே சொல்லுங்கள்.

லவீனியா