வயிறு நன்றாகவே இருக்கிறது

அன்புள்ள மகளுக்கு,

அப்பாவின் ஆசிகள். இங்கே அனைவரும் நலம். அந்த அனைவரில் நானும் அடக்கம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் அண்ணன் போனில் என்ன சொல்லியிருந்தாலும், என் வயிற்றில் ஒன்றும் இல்லை. போனிலேயே சொல்லலாம் என்றால் எப்போதும் யாராவது பக்கத்தில் இருக்கிறார்கள். தவிர, எழுதினால் அடித்துத் திருத்தலாம்.

போன மாதம் அவன் கோழிப் பண்ணைக்கு வேலையாள் வரவில்லை என்று, தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துவர என்னை அனுப்பினான். இத்தனை வருஷமாக அவன் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறேன், கோழிக் கொட்டகைக்குள் போனது அதுதான் முதல் தடவை. விற்பனைக்குத் தயாரான கோழிகள். கால் வைக்க இடமில்லை. மார்பு வளர்ந்த வேகத்துக்கு அவற்றின் கால்கள் வளரவில்லை. ஒன்று, தண்ணீருக்கு ஒரு முழம் தள்ளி, எழுவதும் விழுவதுமாக இருந்தது. தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் விட்டேன். வெகுநேரம் குடித்தது. நல்லது செய்தேனா, லாரி வரும்வரை அதன் அவஸ்தையை நீட்டித்தேனா, தெரியவில்லை.

அன்றைக்குத் தட்டில் வைத்த கறியை விழுங்க முடியவில்லை. உன் அண்ணி கேட்டபோது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வயிறு சரியில்லை என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். கறியே வேண்டாம் என்று சபதம் எடுக்கவில்லையம்மா, அத்தனை துணிச்சல் எனக்கு ஏது? நாம் எல்லோருமே கொஞ்சம் குறைத்துக்கொண்டால், அவற்றை இத்தனை நெருக்கி, இத்தனை அவசரமாக வளர்க்க வேண்டியிருக்காதே என்று படுகிறது. அந்தக் கணக்கும் சரிதானா என்று சந்தேகம்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு துண்டு சாப்பிடுகிறேன். மாமாவுக்கு இன்றைக்குத் தேவலை போலிருக்கு என்று அண்ணி முகம் மலர்கிறாள்.

பொய் இப்போது என் கையை மீறிவிட்டது. அடுத்த வாரம் வியாழக்கிழமை, வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க உன் அண்ணன் ஆஸ்பத்திரியில் ஏற்பாடு செய்துவிட்டான். அதற்காகப் பண்ணையில் புதுக் குஞ்சுகள் இறக்குவதையே தள்ளி வைத்திருக்கிறான். எனக்குத் தெம்பு வரவேண்டுமாம், தன் கையாலேயே கோழி சூப் வைத்து ஊதி ஊதி எடுத்து வருகிறான். ஒரே வாய்தாம்பா, மூக்கப் புடிச்சிக்கிட்டாவது குடிங்க, சின்ன வயசுல எனக்கு விளக்கெண்ணெய் ஊத்துனீங்களே, பழி வாங்குறேன்னு வெச்சுக்குங்க என்று சிரிக்கிறான். கண் சிரிக்கவில்லை. நேற்று கதவுக்கு அந்தப் பக்கம், அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது என்று அண்ணியிடம் சொன்னது காதில் விழுந்தது.

நீயே அவனிடம் பக்குவமாகச் சொல்லிவிடு என்று கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டு வரும்போது அது நியாயமில்லை என்று தோன்றுகிறது. அவன் போடும் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே, அவன் தொழில் என் தொண்டையில் இறங்கவில்லை என்று சொல்ல வேண்டும். அதை என் வாயால்தான் சொல்ல வேண்டும். இது உன் கைக்கு வருவதற்குள் சொல்லியிருப்பேன். யோசித்து யோசித்தே களைத்துவிட்டேன், இனியும் தள்ளிப்போடத் தெம்பில்லை.

கோபத்தைவிட வருத்தம்தான் அவனுக்கு அதிகமாக வரும். வந்தால், பேசாமல் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிறவன் என்று உனக்கே தெரியும். அதனால் இதைப் படித்ததும் அவனுக்கு ஒரு போன் செய். என் பக்கம் பேச வேண்டாம். சாப்பிட்டாயா என்று மட்டும் கேள்.

நீ நன்றாக இரு, அம்மா. அவனும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா