மருந்துக்கு முன், மருந்துக்குப் பின்

பிப்ரவரி 4

நுரையீரல் லேபில் உட்கார்ந்து ஊரார் மூச்சையெல்லாம் அளந்து கொட்டும் என் அருமை மருமகளுக்கு,

உன் மாமன் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நலமா இல்லையா என்பது ஆஸ்பத்திரிக்கே தெரியவில்லை.

எங்கள் கார் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறவர்கள் எல்லாரும் நுரையீரல் டெஸ்டுக்கு ஊதிக் காட்ட வேண்டுமாம். மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் குழாயைச் செருகி, "ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க!" என்று ஒரு பெண் கத்திய கத்தலில் பக்கத்துத் தெருவில் பிரசவமே ஆகியிருக்கும். நான் ஊதியதில் கூரை இரண்டு அங்குலம் எழும்பி உட்கார்ந்தது. பிறகு மருந்தை உறிஞ்சவைத்து, கால்மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னார்கள். இரண்டும் ஒரே அளவு.

"கொஞ்சம் குறைவுதான், வேலை பார்க்கலாம். ஆனா மருந்துக்கு அளவு அசையல. மருந்து எழுதிப் பிரயோஜனம் இல்ல" என்றார் டாக்டர்.

தினமும் எனக்குப் பலிக்கிற மருந்து, அங்கே மட்டும் ஏன் பலிக்கவில்லை? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

குழப்பத்தின் சக்கரவர்த்தி,
உன் தாய்மாமன்

பிப்ரவரி 9

அன்புள்ள மாமா,

கூரை கிடக்கட்டும். தினமும் பலிக்கிற மருந்தா? யார் கொடுத்த இன்ஹேலர்? டெஸ்டுக்குப் போகும்போதும் இழுத்துவிட்டுத்தான் போனீர்களா?

மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகினால் குழாய் குறுகும். மருந்து அதைத் தளர்த்தும். அகலம் பாதியானால் காற்று பாதியாகாது மாமா; கணக்குப்படி பதினாறில் ஒரு பங்குதான் போகும். முன்கூட்டியே விரித்துக்கொண்டு போனால் 'மருந்துக்கு முன்' என்பதே கிடையாது. இரண்டுமே 'பின்'தான்.

டாக்டரிடம் உண்மையைச் சொல்லி மறுபடி ஊதுங்கள். எவ்வளவு நேரம் முன்பே மருந்தை நிறுத்துவது என்று அவரிடமே கேளுங்கள். நடுவில் திணறினால் எடுத்துவிடுங்கள், டெஸ்டை அப்புறம் பார்க்கலாம்.

கோபத்துடன்,
மருமகள்

பிப்ரவரி 15

கோபக்கார மருமகளே,

பதினாறில் ஒன்றா! நானே இப்படி அளந்ததில்லையே!

ஆமாம், கூட வேலை பார்க்கிறவனுடைய இன்ஹேலர். ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு இழுப்பு இழுத்தேன். போட்டோவுக்கு முன் பவுடர் போடுவதில்லையா? இப்போது என் நிலைமையைக் கேள். பொய் சொன்னால் வேலை உண்டு, மருந்து இல்லை. உண்மை சொன்னால் மருந்து உண்டு, வேலை இல்லை. இதில் நான் நோயாளியா, ஆரோக்கியசாலியா?

மாமன்

மார்ச் 2

மருமகளுக்கு,

நேற்று எதையும் உறிஞ்சாமல் போய் ஊதினேன். பாதியிலேயே இருமல். மருந்துக்குப் பிறகு மிஷினில் கோடு விறுவிறுவென்று மேலே ஏறியது. "ஆஸ்துமாதான்!" என்று லாட்டரி விழுந்தவர் மாதிரி டாக்டர் கைகொடுத்தார். மத்தியானம் முதலாளி, "இனிமே பெயிண்ட் ரூம் பக்கம் வேணாம்ணே, கவுண்டர்ல உட்காருங்க" என்று கைகொடுத்தார். எதற்குச் சிரிப்பது என்று தெரியாமல் இரண்டுக்கும் சிரித்துவைத்தேன். கை மட்டும் இன்னும் ஸ்பிரே துப்பாக்கியைத் தேடுகிறது.

உன் வீடு மூன்றாம் மாடி. வரும்போதெல்லாம், "தலைபோகிற அவசரம், கீழ வாம்மா" என்று வாசலிலிருந்தே கூப்பிட்டுப் பேசிவிட்டுத் திரும்புவேனே. ஒரு அவசரமும் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நீ இறங்கி வராதே.

உன் மாமா