கிடா விடுகிற மாதம்

டனீடன்,
சனிக்கிழமை, மதியம்

அன்புள்ள கர்ஸ்டி,

நான் நலம், உன் அப்பாவும் நலம். அப்பாவும் நலம் என்று எழுத, அறுவை நடந்த வியாழக்கிழமையிலிருந்து எனக்குத் துணிவு வரவில்லை, இன்று எழுதுகிறேன். ஹாலிஃபாக்ஸ் குளிரில் நீயும் நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். அறுவை முடிந்தது என்று மட்டும் சொல்லி போனை வைத்ததற்குக் கோபப்படாதே, அரைகுறையாகத் தெரிந்ததைச் சொல்ல எனக்கு வராது. மூளையின் நடுவில் நீர் ஓடும் வழியை அடைத்துக்கொண்டிருந்த கட்டியை, நெற்றிக்கு மேலே சின்னத் துளை போட்டு, குழாய்க் கேமரா விட்டு எடுத்தார்கள். புற்று இல்லை, உள்ளே பாகு மாதிரிதான் இருந்ததாம். ஆனால் அதன் உறை ஒட்டியிருந்த இடம் நினைவுக்கான நரம்புக் கற்றை. பிழைத்துவிடுவார், ஆனால் புதிதாக எதுவும் மனதில் தங்காமல் போகலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அதை உன்னிடம் மறைத்தேன்.

இன்று காலை ஆஸ்பத்திரியில் தாதி லூபே அப்பாவின் நினைவைச் சோதிக்கும் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். என்ன மாதம் என்றதற்கு அவர், "கிடா விடற மாசம்" என்றார். ஊர்ப் பழக்கம் தெரியாத பெண், தாளில் 'குழப்பம்' என்று எழுதிவிட்டாள். பெண் ஆடுகளோடு கிடாக்களைச் சேர்த்து விடும் ஏப்ரலை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம் என்று நான் வாதாடினேன், ஆனாலும் பழக்கத்தில் வாயில் வந்த சொல்லோ என்று எனக்கே சந்தேகம். அப்போது அவர் என் பக்கம் திரும்பி, "இன்னியோட பதினேழு நாள் ஆச்சு மொய்ரா, கிடா மார்ல மஞ்சளை எடுத்துட்டு சிவப்பு மாட்டினியா?" என்றார். மாட்டவில்லை. கிடா ஏறும் ஆட்டின் முதுகில் நிறம் பதிக்க அதன் மார்பில் கட்டும் சாயக்கட்டியைப் பதினேழு நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் எந்த ஆடு முதல் சுற்றில் சேர்ந்தது, எது இரண்டாவதில் என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியாது. எனக்கு அடியோடு மறந்துபோயிருந்தது. லூபே, "அப்ப இந்தக் கேள்வியெல்லாம் நான் யாரைக் கேக்கணும்?" என்றாள். "அவளைத்தான் கேளும்மா, நேத்து ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியா மாட்டிட்டு வந்து நின்னா" என்றார் அப்பா. நேற்று நான் அப்படித்தான் வந்திருக்கிறேன், ஒருவரும் சொல்லவில்லை. கர்ஸ்டி, அவருக்கு நேற்று இருக்கிறது. வெளியே வந்து நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், எதிரே வந்தவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுக்கும்வரை முழு நிச்சயம் என்று சொல்லமாட்டேன், என்னைத் தெரியும் உனக்கு. இருந்தாலும் இதை எழுதும்போது கை ஓடிக்கொண்டே இருக்கிறது. வெளிச்சம் இருக்கும்போதே பண்ணைக்குப் போய்க் கிடாக்களைப் பிடிக்க வேண்டும்.

நீ நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். நாளை மறக்காமல் அப்பாவுக்குப் போன் செய். பழைய கதை வேண்டாம், புதிதாக ஏதாவது சொல். தங்கும்.

உன் அம்மா,
மொய்ரா